ஹெரால்டு என்னும் பழைய காரும் அதனைப் பேணும் முறையும்

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன்)

"ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும்" என்பது நம் பக்கத்துப் பழமொழி. மாட்டுக்குச் சொன்ன இந்தச் சொல் பழைய மோட்டார் வண்டிகளுக்கும் பொருந்தும் என்பதை நான் எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும் ஒரு காரிடம் கற்றுக்கொண்டேன். அது 1967ஆம் ஆண்டில் செய்யப்பட்ட இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் ஃபிட்டராக இருந்த என் தாத்தா அதனை 1981இல் பழைய வண்டியாகவே வாங்கினார். இன்றும் அது ஓடுகிறது. "எப்படி?" என்று கேட்காத நண்பர் இல்லை. அக்கேள்விக்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். வகுப்பில் நாம் படிக்கும் விசையும் வெப்பமும் உராய்வும் இவ்வண்டியில் எங்கெங்கே ஒளிந்திருக்கின்றன என்பதையும் இடையிடையே காணலாம்.

வண்டி பிறந்த கதை

இங்கிலாந்து நாட்டின் ஸ்டாண்டர்டு டிரையம்ப் கம்பெனியார் 1959ஆம் ஆண்டில் 'டிரையம்ப் ஹெரால்டு' என்னும் காரை வெளியிட்டனர். அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலி நாட்டு டூரின் நகரத்துக் கலைஞரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. அந்நாளில் பிற கார்கள் அடிச்சட்டமும் உடலும் ஒன்றாகிய அமைப்புக்கு மாறிக்கொண்டிருந்தன. ஹெரால்டோ மாட்டு வண்டியைப் போலத் தனி அடிச்சட்டத்தின் மேல் தனி உடலைப் பொருத்திய வண்டி. இதற்குக் காரணம் உண்டு. அக்கம்பெனிக்கு உடல் செய்து கொடுத்து வந்த தொழிற்சாலை 1953இல் போட்டிக் கம்பெனி ஒன்றின் கைக்குப் போய்விட்டது. எனவே உடலைப் பல துண்டுகளாகப் பல இடங்களில் செய்வித்து, போல்ட்டு போட்டு இணைக்கும் முறையை அவர்கள் மேற்கொண்டனர். நெருக்கடியில் பிறந்த இந்த ஏற்பாடே பிற்காலத்தில் பெரும் வசதியாயிற்று. ஒரு பகுதி துருப்பிடித்தால் அதை மட்டும் கழற்றி மாற்றலாம் அல்லவா?

நம் சென்னைக்கு அருகில் வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்னும் தொழிற்சாலை இருந்தது. 1948இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு காரை இங்கே செய்தது. பின்னர் 1972 முதல் 1977 வரை அதே வழியில் வந்த 'கஸல்' காரைச் செய்தது. 1985இல் 'ஸ்டாண்டர்டு 2000' என்னும் பெரிய காரை வெளியிட்டது. அது நிலைக்கவில்லை. சில ஆண்டுகளில் தொழிற்சாலையில் கார் செய்வதே நின்றுபோயிற்று. எனவே எங்கள் வண்டிக்குத் தாய்வீடு இல்லை.

இதைப் பந்தயக் கார் என்று சொல்லலாமா?

இவ்வண்டியின் இன்ஜின் 948 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. சிலிண்டரின் விட்டம் 63 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தூரம் 76 மில்லிமீட்டர், சிலிண்டர்கள் நான்கு. நண்பர்கள் கணக்கிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஒற்றைக் கார்புரேட்டருடன் அது தருவது ஏறத்தாழ 35 குதிரைத்திறன்தான். இன்றைய சிறிய கார்களே இதைப் போல் இரு மடங்கு திறன் உடையவை. அப்படியிருக்க இதைப் பந்தயக் காரின் உறவு என்று எப்படிச் சொல்வது?

இதே ஹெரால்டின் அடிச்சட்டத்தை நீளம் குறைத்து, அதன்மேல் தாழ்ந்த திறந்த உடல் ஒன்றைப் பொருத்தி, 1962இல் 'ஸ்பிட்ஃபயர்' என்னும் ஸ்போர்ட்ஸ் கார் வெளிவந்தது. அதை வரைந்தவரும் மிக்கெலோட்டியே. 1980 வரை செய்யப்பட்ட அக்கார் உலகப் புகழ் பெற்றது. முன்சக்கரத் தொங்கலமைப்பும், பற்சட்டம் கொண்ட ஸ்டியரிங்கும் ஹெரால்டிலிருந்து அதற்குப் போனவை. நம் நாட்டில் ஸ்பிட்ஃபயர் செய்யப்படவில்லை. ஆனால் சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத் தளமாகிய சோழவரத்தில், 1953இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் நடத்திய பந்தயங்களில் ஹெரால்டு கார்களும் ஓடின. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயப் பாதை அமைந்த பின்னரே சோழவரத்தின் ஆரவாரம் அடங்கிற்று.

ஹெரால்டை ஓட்டிப் பார்த்தவர்க்கு இவ்வுறவு விளங்கும். ஸ்டியரிங் சற்றும் தளர்வின்றிக் கைக்குப் பதில் சொல்லும். 25 அடி விட்டத்துக்குள், அதாவது 7.6 மீட்டருக்குள், வண்டி ஒரு முழு வட்டம் போட்டுவிடும். ராஜபாளையத்துக் குறுகிய தெருக்களில் மற்றவர் மூன்று முறை முன்னும் பின்னும் போய்த் திருப்பும் இடத்தில் தாத்தா ஒரே மூச்சில் திருப்பிவிடுவார்.

ஒரு ஆடிப்பூரத்து மாலை

இந்தத் திருப்பமே ஒருநாள் எங்களுக்கு வினையாயிற்று. 2014ஆம் ஆண்டு ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேரோட்டம் பார்த்துவிட்டுத் தாத்தா, பாட்டி, அம்மா, நான்காம் வகுப்பு மாணவனாகிய நான் ஆகிய நால்வரும் வந்துகொண்டிருந்தோம். கூட்டத்திலிருந்து விலகி ஒரு கிளைச்சாலையில் திரும்ப, தாத்தா ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்தார். 'டக்' என்று ஓர் ஓசை. வண்டியின் இடப்பக்க மூக்கு தரையில் மோதியது. இறங்கிப் பார்த்தால் முன்சக்கரம் கால் மடிந்த ஆட்டுக்குட்டியைப் போல உள்நோக்கி மடிந்து கிடக்கிறது. நடக்கும் வேகத்தில் போனதால் யாருக்கும் காயமில்லை. சற்று முன்பு அதே சக்கரத்தை நம்பி நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே வந்திருந்தோம் என்பதை நினைத்துப் பாட்டி அங்கேயே அழுதுவிட்டார்.

நடந்தது என்ன? ஹெரால்டின் முன்சக்கரம் ஒவ்வொன்றையும் ஓர் எஃகுத் தண்டு தாங்குகிறது. அத்தண்டின் அடிமுனையில் திருகு மரை வெட்டப்பட்டிருக்கும். அந்த மரை, செம்புக் கலவை உலோகத்தாலான ஒரு கட்டிக்குள் முடுக்கப்பட்டிருக்கும். அக்கட்டிக்கு டிரன்னியன் என்று பெயர். நாம் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் எஃகு மரை இந்தக் கட்டிக்குள் சிறிது ஏறி இறங்கித் திரும்புகிறது. வண்டியின் பாரம், பள்ளத்தின் அடி, பிரேக்கின் இழுப்பு ஆகிய எல்லாம் அந்த ஒரு மரையின் மீதே விழுகின்றன.

கம்பெனியார் தந்த கையேடு, இவ்விடத்துக்கு கிரீஸ் போடக் கூடாது, கெட்டியான கியர் ஆயிலே விட வேண்டும் என்று சொல்கிறது. ஆயில் நுண்ணிய மரை இடுக்கெல்லாம் பரவி நிற்கும்; நீரை உள்ளே விடாது. கிரீஸ் அவ்வாறு பரவாது. நாளடைவில் காய்ந்து இறுகும். இடுக்கில் புகுந்த நீர் எஃகை அரிக்கும். அரிப்புக் குழியிலிருந்து மெல்லிய விரிசல் தொடங்கும். வளையும் கம்பி ஒரு நாள் ஒடிவதைப் போல, ஆயிரமாயிரம் திருப்பங்களுக்குப் பின் ஒரு திருப்பத்தில் தண்டு முறியும். முழுத் திருப்பத்தில்தான் விசை மிகுதி. ஆகவே பெரும்பாலும் மெதுவாகத் திரும்பும்போதே முறிவு நேர்கிறது. எங்கள் நல்ல காலம் அது.

முதுகுவலியால் தாத்தா சில ஆண்டுகள் வண்டியைத் தம் கையால் கவனிக்காமல், வெளியூர்ப் பட்டறை ஒன்றில் விட்டு வந்தார். அங்கே எல்லாக் கார்களுக்கும் அடிப்பதுபோல் இதற்கும் கிரீஸ் அடித்திருக்கிறார்கள். அவர்களையும் குறை சொல்வதற்கில்லை. பாடிக் கறக்க வேண்டிய மாடு இது என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

"இதக் காயலான் கடைக்குப் போட்டுட்டு மறுவேலை பாருங்க" என்றார் பாட்டி. தாத்தா மறுவார்த்தை பேசவில்லை. ஆறு மாதம் வண்டி தார்ப்பாய்க்குள் கிடந்தது. பின்னர் ஒருநாள், இங்கிலாந்திலிருந்து தபாலில் புதிய தண்டும் டிரன்னியனும் வந்தன. தாய்வீடு மூடிய வண்டிக்குப் புதுப் பாகம் எப்படிக் கிடைத்தது? அங்கே ஸ்பிட்ஃபயர் காரை ஆசையோடு காப்பாற்றுவோர் பலர் இருப்பதால் அதன் பாகங்கள் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. முன்சக்கர அமைப்பு இரண்டுக்கும் உறவானது. பந்தயக் காரின் தம்பியாகப் பிறந்ததால் எங்கள் ஹெரால்டு பிழைத்தது.

அன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, அடைப்பானைக் கழற்றி, டிரன்னியனுக்குள் கியர் ஆயிலை அழுத்துகிறோம். மேல் விளிம்பில் புது ஆயில் கசியும்வரை நிறுத்துவதில்லை. இதற்கென்று ஒரு தனி கிரீஸ் துப்பாக்கி வைத்திருக்கிறோம். அதன்மேல் 'ஆயில் மட்டும்' என்று சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கிறார் தாத்தா.

வளைவில் ஒரு பாடம்

பின்சக்கரங்களிலும் ஒரு பாடம் உண்டு. ஹெரால்டின் பின் அச்சு ஒரே தண்டு அன்று. நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டியிலிருந்து இரு பக்கமும் இரண்டு அரைத் தண்டுகள் சிறகுபோல் மேலும் கீழும் அசைகின்றன. குறுக்கே படுத்திருக்கும் ஒரே லீஃப் கட்டு இரண்டையும் தாங்குகிறது. மேடு பள்ளத்தில் இது சுகமான அமைப்பு. ஆனால் வளைவில் வேகமாகப் போகும்போது ஓட்டுநர் அஞ்சிச் சட்டென்று ஆக்ஸிலரேட்டரை விட்டால் வண்டியின் பின்பகுதி மேலெழும். அப்போது வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கிச் சாய்ந்து, டயரின் விளிம்பில் நிற்கும். பிடிமானம் குறைந்து வண்டியின் வால் சுழன்றுவிடும். 1970இன் இறுதியில் வந்த ஸ்பிட்ஃபயர் நான்காம் வகையில் லீஃப் கட்டின் அமைப்பை மாற்றி இக்குறையைப் பெரிதும் நீக்கினர். எங்கள் வண்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு போகும் மலைப்பாதையில் தாத்தா கடைப்பிடிக்கும் விதி இதுதான்: வேகத்தை வளைவுக்கு முன்னரே குறை, வளைவுக்குள் கால் நிதானமாக இருக்கட்டும்.

பிரேக்கும் அவ்வாறே. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகள்; நான்குக்கும் ஒரே ஆயில் குழாய்த் தொடர். ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் போயின. இன்றைய கார்களில் இரட்டைத் தொடர் இருப்பது இதனால்தான். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. ஈரம் சேர்ந்தால் சூட்டில் ஆவிக்குமிழ் தோன்றி மிதிகட்டை கீழே போய்விடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றுகிறோம். புறப்படுமுன் மிதிகட்டையை அழுத்திப் பார்ப்பதும் கைப்பிரேக்கைச் சோதிப்பதும் வழக்கம்.

நம்மூர்த் தண்ணீரும் தூசியும்

ஆலங்குளத்துக்குச் சிமெண்ட் ஆலை வந்ததே இப்பகுதியில் சுண்ணாம்புக்கல் கிடைப்பதால்தான். அந்தச் சுண்ணாம்பே ரேடியேட்டருக்குப் பகை. கிணற்றுத் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெண்மையாகப் படிவதை நம் வீடுகளில் காண்கிறோம். அதே படிவு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் சிலிண்டரைச் சுற்றிய வழியிலும் படியும். படிவு வெப்பத்தைக் கடத்தாது, இன்ஜின் கொதிக்கும். ஆகவே காய்ச்சி வடித்த நீருடன் துருத்தடுப்புக் கூலண்ட் கலந்தே ஊற்றுகிறோம். கிடைக்காத நாளில் பிடித்து வைத்த மழைநீர் உதவும்.

சிமெண்ட் தூசியும் கரிசல் புழுதியும் காற்று வடிகட்டியை விரைவில் அடைக்கும். அடைபட்டால் காற்று குறையும். பெட்ரோல் மிகுந்து புகை கறுக்கும். வடிகட்டி இல்லாமல் ஓட்டினாலோ தூசி சிலிண்டரை உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். அடிச்சட்டத்தின் மூலைகளில் தங்கும் புழுதி மழை ஈரத்தை விடாமல் பிடித்துத் துருவை வளர்க்கும். மழைக்காலம் முடிந்ததும் அடிப்பகுதியைக் கழுவிக் காயவைத்து ஆயில் தெளிப்பது எங்கள் வழக்கம்.

மாறிவிட்ட பெட்ரோல்

வண்டி மாறவில்லை, அது குடிக்கும் பெட்ரோல் இருமுறை மாறிவிட்டது. அக்காலப் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்திருந்தது. அது நஞ்சு. ஆயினும் வால்வு வந்து அமரும் இரும்பு விளிம்பில் மெல்லிய படலமாக நின்று தேய்மானத்தைத் தடுத்தது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோலே வந்தது. மக்கள் உடல்நலத்துக்கு அது பெரும் நன்மை. பழைய இன்ஜின்களில் மட்டும், நெடுநேரம் வேகமாக ஓடினால் வால்வு இருக்கை தேய்ந்து உள்ளே இறங்கத் தொடங்கியது. எனவே ஹெட்டைக் கழற்றி, மதுரையில் லேத்தில் கொடுத்து, கடினமான எஃகு வளையங்களைப் பொருத்திக்கொண்டோம்.

இரண்டாவது மாற்றம் எத்தனால். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் திட்டம் 2023இல் தொடங்கி 2025இல் நாடெங்கும் நிறைவேறியது. எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்துப் பிளக்கும். பெட்ரோல் குழாய், பம்ப்பின் டயஃப்ரம், டேங்கிலுள்ள குழாய்த்திறப்பின் அடைப்பு ஆகிய எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் பொருளுக்கு மாற்றினோம். இதில் சோம்பல் கூடாது. ஒழுகும் பெட்ரோல் சூடான இன்ஜின்மேல் விழுந்தால் தீ என்பதை மறத்தலாகாது.

மேலும், எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் உண்டு. அது எரியக் காற்று குறைவாகவே வேண்டும். இன்றைய கார்களில் கணிப்பொறி இதை உணர்ந்து சரிசெய்துகொள்கிறது. எங்கள் கார்புரேட்டரோ அளவு மாறாத ஒரு சிறு துளை. எனவே அத்துளையைச் சற்றுப் பெரிய ஜெட்டாக மாற்றினோம். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. ஆகவே 20 சதவீதக் கலவையில் ஏறத்தாழ 7 சதவீதம் ஆற்றல் குறையும். மைலேஜும் அதற்கேற்பக் குறைகிறது. சித்திரை வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்றால், பம்ப்பின்மேல் ஈரத்துணி சுற்றிப் பத்து நிமிடம் பொறுத்தால் போதும்.

சட்டமும் செலவும்

சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குப் பின், ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனைக்குப் பின் புதுப்பிக்கப்பட வேண்டும். கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. 50 ஆண்டு கடந்த வண்டிகளை 'விண்டேஜ்' எனத் தனியாகப் பதிவு செய்யும் விதி 2021இல் வந்தது. ஆனால் அவ்வாறு பதிந்த வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்ட இயலாது. கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்கே எடுக்கலாம். "ஓடாத வண்டி வண்டியில்லய்யா, சிலை" என்று சொல்லித் தாத்தா பழைய பதிவையே புதுப்பித்துவிட்டார். கண்காட்சியாகப் பழைய கார்களைக் காண விரும்புவோர் கோயம்புத்தூரில் 2015இல் திறக்கப்பட்ட ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம்.

முடிவுரை

ஹெரால்டின் பானெட் முழுவதும் முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். திறந்தால் இன்ஜினும் ஸ்டியரிங்கும் முன்சக்கர அமைப்பும் கண்முன் விரிந்துவிடும். டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். அங்கே உட்கார்ந்துதான் தாத்தா எனக்குப் பிளக்கின் இடைவெளி ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்ததில் 25 பங்கு என்றும், பாயிண்டின் இடைவெளி அதில் 15 பங்கு என்றும் ஃபீலர் கேஜை வைத்துக் காட்டினார். ஆயிரத்தில் ஒரு பங்கை விரலால் உணர முடியும் என்பதைப் பரிசோதனைக் கூடத்துக்கு வரும் முன்னரே அவ்வாறு அறிந்தேன்.

பழைய வண்டியைக் காப்பது பழம்பெருமைக்காக மட்டும் அன்று. அடுத்தவர் உயிரையும் ஏற்றிச் செல்லும் ஒரு பொருளை, அதன் இயல்பறிந்து, நாள் தவறாமல் கவனிக்கும் பழக்கம் அதில் கிடைக்கிறது. அது இயலாதவர் வண்டியை விற்றுவிடுவதே நலம்; பாட்டி அன்று சொன்னதில் தவறில்லை. இப்போது தாத்தாவுக்குக் குனிய முடியவில்லை. ஆயில் துப்பாக்கி என் கைக்கு வந்துவிட்டது. சென்ற ஆடிப்பூரத்துக்கு முதல்நாள் நான் இரு பக்கமும் ஆயில் அடித்து முடித்ததும் பாட்டி வந்து, "ரெண்டு பக்கமும் மேல கசிஞ்சுச்சாய்யா?" என்று கேட்டார். "கசிஞ்சுச்சு பாட்டி" என்றேன். மறுநாள் காலையில் தேர் பார்க்க அவர்தாம் முதலில் வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.